காப்போடு ஆடிய ஆட்டம்

என் தங்கை ஜாஸ்லினின் கணவர் ஸ்டீபன்ராஜ், திருச்சியில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது மற்ற பயிற்சியாளர்கள் பையனின் உயரத்தைப் பார்ப்பார்கள், எந்தக் கால் பலம் என்று கேட்பார்கள். இவர் முதலில் கேட்பது, "உங்க ஊர்ல திருவிழா எப்ப? அதுல உனக்கு ஏதாச்சும் முறை இருக்கா?" என்பதுதான். முறை என்றால் கரகம் தூக்குவது, தீச்சட்டி எடுப்பது என்று குடும்பம் குடும்பமாக வரும் உரிமை. இருக்கிறது என்று பையன் சொல்லிவிட்டால் போதும், அந்த வாரம் பல்கலைக்கழக இறுதி ஆட்டமே இருந்தாலும் அவனுக்கு லீவு. நான் ஆடுகிறேன் சார் என்று பையனே கெஞ்சினாலும் விடமாட்டார். பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார்.

இதனால் தோற்ற ஆட்டங்கள் உண்டு. ஒரு வருடம் கோல்கீப்பர் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அணி நாலு கோல் வாங்கியது. பாலக்கரை கத்தோலிக்கர் பஞ்சாங்கம் பார்த்து டீம் போடுகிறார் என்று கல்லூரி முழுக்கக் கிண்டல். நானும் சேர்ந்துதான் கிண்டல் செய்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் கூடியிருந்தபோது, "மாப்ள, அடுத்து என்ன, நீங்களே அலகு குத்திக்கிட்டு சமயபுரம் கிளம்பிடுவீங்களா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. அவர் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கேலியைத் தாங்கத் தெரியாத மனிதர் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அப்பா அற்புதசாமி பாலக்கரையில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தவர். மகன் மாதா கோயில் பக்கத்து மைதானத்தில் பந்து உதைத்தே வளர்ந்தவர். கல்லூரி அணியில் லெஃப்ட் பேக். மாநில அணிக்கான முகாம்வரை போனார், அங்கே முழங்கால் போயிற்று. அதோடு ஆட்டம் முடிந்தது. உடற்கல்வி படித்துவிட்டுத் தான் ஆடிய கல்லூரிக்கே பயிற்சியாளராக வந்தார். நிர்வாகம் கொடுத்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பந்து உதைக்கச் சொல்லிக் கொடுப்பவருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று நான் வீட்டில் சத்தம் போட்டேன். ஜாஸ்லின் கேட்கவில்லை. கல்யாணமான மறுமாதமே அவள் சமையலறையில் ஹாஸ்டல் பையன்களுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். வெறும் இட்லியைத் தின்றுவிட்டு எப்படி ஓடுவார்கள் என்பது மாப்பிள்ளையின் கவலை.

அந்த முட்டைகளைத் தின்று வளர்ந்தவர்கள் இன்று போலீசில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களில் பி.டி. மாஸ்டராக இருக்கிறார்கள். சனி ஞாயிறு வந்தால் மணப்பாறை, துவரங்குறிச்சி, மருங்காபுரி என்று டவுன் பஸ்ஸில் அலைந்து, பள்ளிக்கூடப் பொட்டல்களில் வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகளைப் பார்த்துப் பிடித்து வருவார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம், ஹாஸ்டலில் சாப்பாடு. பெற்றவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "நான் பொறுப்பு." அப்படிச் சொல்லி அழைத்து வந்த பிள்ளைகளில் ஒருவன்தான் வீரமலை.

வீரமலையின் ஊர் மருங்காபுரியிலிருந்து உள்ளே போக வேண்டும். மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். அப்பா சின்னக்காளை, அம்மா வெள்ளையம்மாள், ஒரே மகன். ஸ்டாப்பர் பேக்காக நின்றான் என்றால் அவனைத் தாண்டிப் பந்து போகாது. படித்து முடித்து, இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். மனைவி பானுமதி, ஒரு பெண் குழந்தை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழத்தட்டோடு பாலக்கரைக்கு வந்துவிடுவான். அவன் வருகிற அன்றைக்கெல்லாம் மாப்பிள்ளை ஏனோ வீட்டில் தங்கமாட்டார். கடைக்குப் போக வேண்டும், பங்குச் சாமியாரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். மற்ற மாணவர்கள் வந்தால் தோளில் கை போட்டுப் பேசுகிறவர் இவனிடம் மட்டும் ஏன் இப்படி என்று ஜாஸ்லின் என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

போன வைகாசியில் வீரமலை ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் ஒரு ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சினான். எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தான். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார், தலைவலி என்றார். நான் விடவில்லை. என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கேதான் சின்னக்காளையை முதல்முறை பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர், கறுத்த ஒல்லி உடம்பு, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கொஞ்ச நேரம் பார்த்ததிலேயே ஒன்று புரிந்தது. அவர் மகனிடம் பேசவில்லை. கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவன் பக்கத்தில் நின்றால் நிற்கிறார், இலை போட்டால் சாப்பிடுகிறார். சொல்ல வேண்டியது இருந்தால் பேத்தி ரஞ்சனியிடம், "உங்க அப்பன வெளக்குக்கு எண்ணெய் ஊத்தச் சொல்லு தாயி" என்கிறார். குழந்தை சொல்வதற்குள் வீரமலை எண்ணெயோடு வந்துவிடுகிறான். நாள்பட்ட பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

எங்களைக் கண்டதும் கிழவர் எழுந்து வந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, நீங்க இல்லேன்னா இந்தப் பய உருப்பட்டிருக்க மாட்டான். பொய் சொல்ற பயலை மனுசனாக்கி விட்டுட்டீங்க."

"என்னங்க பொய்?" என்று நான்தான் கேட்டேன். சொன்னேனே, வாய் நீளம்.

"அதை ஏங்கய்யா கேக்குறீங்க. கரகம் தூக்கக் காப்புக் கட்டின பய, ஊர் எல்லையத் தாண்டிப் போயி பந்து ஆடிட்டு வந்தான். பந்து ஆசை, சின்னப் பய, போனான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஊர்க் கூட்டத்துல வச்சுக் கேட்டா, வாத்தியாரு எங்க அப்பாகிட்ட உத்தரவு கேட்டுட்டேன்னு சொன்னாருன்னு இவரு மேலயே பழியப் போட்டான். படிச்சவரு, பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றவரு பொய் சொல்வாரா? நான் விழுந்து கும்புட்டுட்டு வந்துட்டேன். அன்னையோட அவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. வீரமலை கையில் காபித் தம்ளர்களோடு பின்னால் நின்றான். அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். "சார், காபி எடுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளை திடீரென்று, "அவன் பொய் சொல்லல மச்சான். நான்தான் சொன்னேன்" என்றார். அப்புறம் பாலக்கரை வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். ஜாஸ்லின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கல்லூரியின் பழைய உடற்கல்வி இயக்குநர் ஓய்வு பெற இருந்தார். பதினேழு வருடம் தற்காலிகமாகவே ஓட்டிய மாப்பிள்ளைக்கு அந்த நிரந்தர நாற்காலி மேல் கண். கல்லூரி தானே நடத்தும் கோப்பையைக் கல்லூரி வென்று வெகுகாலமாகியிருந்தது. இந்த முறை ஜெயித்தால் பேசுவதற்கு வசதியாக இருக்கும் என்று நிர்வாகத்தில் ஒருவர் காதில் போட்டார். அணி இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் வீரமலை இல்லை. மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் குடும்பத்துக்குத்தான் அம்மன் கரகம் தூக்கும் முறை. அப்பாவுக்கு அந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டதால் மகன் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்பு என்பது ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். ஆனால் கட்டிவிட்டால் கரகம் இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கோயிலில்தான் படுக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் நடந்தது கரகத்துக்கு முந்தின நாள். மாப்பிள்ளை காலையிலேயே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். சின்னக்காளை வீட்டில் இல்லை, பூசைச் சாமான் வாங்கத் துவரங்குறிச்சிக்குப் போயிருந்தார். வீரமலை கிணற்றடியில் இருந்தான்.

"மாட்டேன்னுதான் சொன்னான் மச்சான். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு சார்'னான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வர்ற வழியில துவரங்குறிச்சியில உங்க அப்பாவப் பார்த்தேன், கேட்டுட்டேன், போயிட்டு வரட்டும்னுட்டாரு, பூசாரிகிட்டயும் அவரே பேசிக்கிறாராம்னு சொன்னேன். ஒரு செகண்டு என் மூஞ்சியப் பார்த்தான். அப்புறம் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து வண்டியில ஏறிட்டான்."

மைதானத்தில் நடுவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்லக்கூடாதே என்று அதன் மேல் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டது மாப்பிள்ளையேதான். அன்று ஒரே கோல், கார்னரில் வந்த பந்தை வீரமலை தலையால் அடித்தது. ஆட்டம் முடிந்ததும் வேர்வையில் ஊறிய டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தான். இருட்டுவதற்குள் ஊரில் கொண்டுபோய் விட்டாயிற்று. பையன் நேராகக் கோயிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான், அப்பாவைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் இருந்திருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை டீக்கடைக்குப் பேப்பர் வந்தது. அதில் வந்த படத்தில், கோப்பையைப் பிடித்த கையில் மஞ்சள் கயிறு பளிச்சென்று இருந்தது.

அன்று கரகத்தைப் பங்காளி வீட்டுப் பையன் தூக்கினான். முறை அதோடு அந்த வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம் என்று முடிவாயிற்று. வீரமலை பாலக்கரைக்கு ஓடி வந்து, "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும் சார்" என்றான். வருகிறேன் என்றார் மாப்பிள்ளை. அதே செவ்வாய்க்கிழமைக்குத்தான் நேர்காணல் வந்து விழுந்தது. நேர்காணலுக்குப் போனார். இயக்குநர் ஆனார். அந்த நேரத்தில் சின்னக்காளை தன் பங்காளிகள் முன்னால் மண்ணில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நேர்காணல் என்ன, ஒரு மணி நேரம் நடந்திருக்குமா?" என்று கேட்டேன். எனக்குக் காது சூடாகியிருந்தது. "மறுநாள் போயிருக்கலாம்ல? மறுவாரம்? மறுவருஷம்?"

"பயந்துட்டேன் மச்சான். கிறிஸ்தவ வாத்தியாரு, அம்மனுக்குக் காப்புக் கட்டின பையனப் பொய் சொல்லி இழுத்துட்டு வந்தாருன்னு வெளியே தெரிஞ்சா, காலேஜுக்கே பிரச்சினையாயிடும். வேலை போயிரும்னு பயம். அப்புறம் நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் வரலேன்னு கேப்பாங்களேன்னு பயம். அந்தப் பையன் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேக்கல. 'அப்பா விழுந்துட்டாரு சார்'னு மட்டும் சொல்லிட்டு பூட்ஸ் மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிட்டான். திட்டியிருந்தான்னா நல்லா இருந்திருக்கும்."

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறாராம். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு தவக்காலத்திலும். சாமியார் ஜெபம் சொல்லச் சொல்வார், இவர் சொல்வார். கடைசியாக வந்த இளம் சாமியார் மட்டும், "கடவுளுக்குத்தான் முதல்லயே தெரியுமே, தெரியாத ஆளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் மாப்பிள்ளை வேறு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தொடங்கிவிட்டார். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் ஜாஸ்லின் வாயைத் திறந்தாள். "அந்த வருஷம் அவனுக்கும் சேர்த்துத்தான் முட்டை அவிச்சேன்" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னும் ஒரு வருடத்தில் அவருக்கு ஓய்வு. அதுவரை தள்ளிப் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணக்கு அவருக்குள் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது நிலைமை வேறு. முறை போனதற்கும் கிழவர் விழுந்ததற்கும் மட்டும்தான் தான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். தன் பேரில் இருந்த மரியாதையே வீரமலையைப் பொய்யனாக்கிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. கிழவர் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று தங்கை சொன்னாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"வண்டிய எடுங்க மச்சான். மருங்காபுரிக்குப் போகணும்."

நாங்கள் போனபோது சின்னக்காளையும் வெள்ளையம்மாளும் வீட்டு முன்னால் சாக்கை விரித்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரைப் பார்த்ததும் கிழவர் பதறி எழுந்தார். வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வந்தது. வெள்ளையம்மாள் கடைக்கு ஆளை விட்டுக் கலர் வாங்கி வரச் சொன்னார். மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அய்யா, அன்னைக்கு உங்க மகன் பொய் சொல்லல. நான்தான் உங்ககிட்ட கேட்டுட்டேன்னு அவன்கிட்டச் சொன்னேன். உங்களப் பார்க்கவே இல்ல. பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்."

சின்னக்காளை அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவன் சொல்லி அனுப்புனானா? வாத்தியாரய்யா, உங்களுக்கு நல்ல மனசு. அவனுக்காக உங்க தலையில பழியத் தூக்கிப் போட்டுக்க வந்தீங்களாக்கும். வேணாங்கய்யா. உக்காருங்க."

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று வழியெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டு வந்தோம். நம்பவே மாட்டார் என்று யார் கண்டது? மாப்பிள்ளை மறுபடி சொன்னார். கிழவர் மறுபடி சிரித்தார், குனிந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தார். உண்மையைச் சொல்ல இத்தனை வருடம் கழித்து வந்த மனிதர், தான் பொய்யன் என்று நிரூபிக்க வழி தெரியாமல் நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் அவர் அந்த மண்ணிலேயே, கடலைத் தோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கிணத்தடியில நின்னான்யா. மாட்டேன்னு சொன்னான். 'எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு'ன்னான். நீங்க சரின்னு சொன்னதா நான் சொன்னதுக்கப்புறம்தான் வந்தான். அப்பயும் வண்டி எல்லைக் கல்லத் தாண்டுறப்ப கண்ண மூடிக்கிட்டுக் கையெடுத்துக் கும்புட்டான். 'அப்பா சொல்லிட்டாரு, அதனாலதான் போறேன் ஆத்தா'ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். இதை அவன் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டான். நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன்."

கிழவரின் கை நின்றது. பிறகு கையிலிருந்த கடலையைச் சாக்கின் மேல் வைத்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துலயும் இதையேதான சொன்னான்" என்றார் வெள்ளையம்மாள். "பெத்த பிள்ளை சொல்லுதுன்னு நானும் சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னுட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கலர் பாட்டில்களைத் திறந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

சின்னக்காளை மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். "பிள்ளை பிறந்தப்ப வந்து சொன்னானே. நான் மாட்டப் பார்த்துக்கிட்டு நின்னேனே. அப்பா, அப்பான்னு ரெண்டு தடவை கூப்புட்டானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி சீரங்கம்தான போவுது?" என்று என்னிடம் கேட்டார். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினார். வெள்ளையம்மாள், "நீங்க மொதல்ல போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகனிடம் என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார் என்று கண்ணாடியில் பார்த்தபோது புரிந்தது. ஒன்றும் சரிப்படவில்லை போலிருக்கிறது. விராலிமலை தாண்டியதும் அதையும் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமலே வந்தார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபம் இதுவரை யார் மேலும் வந்ததில்லை. சுமந்து வந்ததை இறக்கி வைத்துவிட்டார், சரி. யார் தலையில் இறக்கி வைத்தார் என்று பின்சீட்டைப் பார்த்தால் தெரிந்தது. ஏன் போய்ச் சொல்லவில்லை என்று அன்று காரில் குடைந்தவன் நான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

மூலத்தோப்பில் கிழவர் மட்டும் இறங்கிப் படியேறினார். "நீங்களும் போங்க" என்றேன். மாப்பிள்ளை அசையவில்லை.

வெயில் உச்சியில் நின்றது. வெகுநேரம் கழித்து வீரமலை இறங்கி வந்தான். மாப்பிள்ளை பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

"எதுக்கு சார் போய்ச் சொன்னீங்க?"

மாப்பிள்ளை ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினார்.

"நீங்க அப்பாகிட்ட கேக்கலேன்னு எனக்கு அந்தக் கூட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு சார். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், நம்பல. அதுக்கு மேல சொல்லக்கூடாதுன்னு விட்டுட்டேன். சொன்னா உங்க வேலை போயிருக்கும், நீங்க போனா என் சீட்டும் போயிருக்கும். அப்புறம் வேலைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு தோணுச்சு. அதுக்குள்ள அஞ்சாறு வருஷம் ஆயிருச்சு. அப்ப சொன்னா, அத்தனை வருஷம் பேசாம இருந்தது வீணுன்னு ஆயிருமே சார், அவரு தாங்குவாரா? பிள்ளை தப்புப் பண்ணிட்டான்னு நெனச்சுக்கிட்டு அவரு பாட்டுக்கு நிம்மதியா இருந்தாரு. இப்பப் பாருங்க, பானுமதிகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டு, பாத்ரூம்ல பைப்பத் தொறந்துவிட்டுட்டு உள்ள நின்னு அழுவுறாரு. வந்ததுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேச வரல சார் அவருக்கு."

"வீரா" என்றார் மாப்பிள்ளை. "என்னைய மன்னிச்சிடுடா."

வீரமலை நிமிர்ந்தான். கார்க் கதவைத் திறந்து பிடித்தான். "மேல வாங்க சார். நேரமாச்சு, சாப்பிடலாம்."

"நான் எப்படிடா வருவேன்?"

"வரணும் சார். வாத்தியாரு கீழ வெயில்ல உக்காந்திருக்காரு, அவரு வந்தாத்தான் இலை போடணும்னு பானுமதிகிட்டச் சொல்லிட்டாரு அப்பா. காலையிலேர்ந்து அவரும் ஒண்ணும் சாப்பிடல."

மாப்பிள்ளை இறங்கினார். படியில் இரண்டு முறை நின்றார், முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார். மேலே கூடத்தில் நான்கு இலை போட்டிருந்தார்கள். சின்னக்காளை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. தன் பக்கத்து இலையைக் காட்டி, "உக்காருங்க வாத்தியாரய்யா" என்றார். நான் அடுத்து உட்கார்ந்தேன். நாலாவது இலையில் வீரமலை உட்காரவில்லை, பரிமாற நின்றுகொண்டான். குழந்தை ரஞ்சனி தாத்தாவின் முதுகில் சாய்ந்து நின்றது. வழக்கம்போல் அவர் தன்னிடம்தான் ஏதாவது சொல்லுவார் என்று காத்துக்கொண்டிருந்தது.

பானுமதி சோறு போட்டாள். யாரும் கை வைக்கவில்லை. கிழவர் மாப்பிள்ளையின் இலையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பதினாலு வருடத்துக்குப் பிறகு மகன் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தார்.

"வீரா, வாத்தியாரு இலை வெறுஞ்சோறா இருக்கு பாரு. அவருக்கு மொதல்ல கொழம்பு ஊத்துடா."

வீரமலை கரண்டியை எடுத்தான். குழம்பு இலைக்கு வெளியிலும் கொஞ்சம் சிந்தியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் பிசைந்து சாப்பிட்டார்.